ஈரம் காயாத ஆறு சாடிகள்

மகன்,

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வியன்னாவிலிருந்து தொலைபேசியில் கதைத்தது உனக்கு நினைவில் இருக்காது. எனக்கு ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது. மேடை வடிவமைப்புப் படிப்பில் இரண்டாம் ஆண்டு கடினம் என்றாய். மூன்று கிழமையாகப் பள்ளிக்கூடத்துப் பட்டறையையும் உன் அறையையும் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை என்றாய். கூடப் படிக்கிறவர்கள் இரண்டு நாள் மலைப்பக்கம் போனார்கள், உன்னையும் கூப்பிட்டார்கள், நீ போகவில்லை. அதைச் சொல்லும்போது உன் குரலில் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையை உனக்குக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். "நல்லது மகன்" என்றேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்த காலம் முதல் நான் சொல்லிவரும் அதே "நல்லது". தொலைபேசியை வைத்த பிறகு குசினிக் கதிரையில் இருந்தவள் வெகுநேரம் எழும்பவில்லை. உன் அப்பா வந்து என்னவென்று கேட்டார். கால் உளைகிறது என்றேன். அதுவும் பொய்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். நீ எழுத்துக்கூட்டி மெதுவாகத்தான் வாசிப்பாய், தெரியும். டேனிஷில் எழுதினால் நான் நல்லவள்போல எழுதிவிடுவேன். அந்த மொழியில் எனக்குக் கைவந்ததெல்லாம் கந்தோர்களுக்கு எழுதும் மரியாதையான வசனங்கள்தான். நான் சொல்லப்போவது அப்படிப்பட்ட வசனங்களுக்குள் அடங்காது.

நான் அகதியாக இங்கே வரவில்லை என்பது உனக்குத் தெரியும். அப்பாவும் மாமாவும் அப்படி வந்தார்கள். நான் அதற்கு முன்னமே, எண்பத்தைந்தில், படிக்க வந்தவள். மட்டக்களப்பில் ஒரு பெண்கள் பாடசாலையில் சித்திர ஆசிரியையாக இருந்தேன். எங்கள் சபை, கணவனை இழந்த பெண்களுக்கென்று ஒரு கைத்தொழில் நிலையம் நடத்தியது. அங்கே மட்பாண்ட வேலை பழக்க ஒருவர் வேண்டும் என்று என்னைத் தெரிந்தெடுத்து, டென்மார்க்கில் ஒரு வருடப் படிப்புக்கு அனுப்பினார்கள். பிரியாவிடைக் கூட்டத்தில் என் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். அங்கே நீ செலவழிக்கிற ஒவ்வொரு நாளும் இந்தப் பெண்களுடைய நாள் என்று போதகர் சொன்னார். அந்த வசனத்தை நான் கொண்டுபோன கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதிவைத்தேன். அவர் நல்ல மனதோடு சொன்னது. நான்தான் அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டேன்.

பள்ளி வைலே நகரத்துக்கு வெளியே, ஃபியோர்ட் என்கிற நீண்ட கடற்கழியின் கரையில், பீச் மரங்களுக்கு நடுவில் இருந்தது. பதினான்கு மாணவர்கள். பரீட்சை கிடையாது, புள்ளி கிடையாது. எங்களூர்ப் பாடசாலையில் படித்து, படிப்பித்து வந்த எனக்கு அதுவே பெரிய திகைப்பு. புள்ளி போடாத இடத்தில் நான் நன்றாகச் செய்கிறேனா இல்லையா என்று எதை வைத்து அறிவது? பட்டறையை நாலு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அதன் பிறகு ஃப்ரிடீட், அதாவது ஓய்வு நேரம். அதையும் பாடம்போலவே நேரசூசியில் அச்சடித்திருந்தார்கள். டேனிஷ் பிள்ளைகள் ஃபியோர்டில் நீந்தப் போவார்கள், பின்னுவார்கள், ரொட்டி சுடுவார்கள், ஒன்றும் செய்யாமல் புல்லில் படுத்துக் கிடப்பார்கள். நான் அறைக்குள் போய்ச் சாடிகளின் வடிவங்களைக் கடதாசியில் கீறிக்கொண்டிருப்பேன். அவர்கள் சிரிப்பது யன்னல் வழியாகக் கேட்கும். எனக்கு அவர்கள்மேல் கோபம் வரும். அது பொறாமை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

என் அறையைப் பகிர்ந்துகொண்டவள் மெட்டே. அது அவளுடைய உண்மையான பெயர் இல்லை, ஏன் மாற்றினேன் என்று பிறகு சொல்கிறேன். கிரின்ஸ்டெட் பக்கத்துக் கமக்காரர் வீட்டுப் பெண். என்னைவிட இரண்டு வயது இளையவள். எங்கள் வகுப்பில் அவளுடைய கைதான் கை. பரந்த தட்டுகள் செய்து, அவற்றில் ஃபியோர்டில் பார்த்த பறவைகளை வெள்ளைக் களிமண் கரைசலால் நாலு கோட்டில் கொண்டுவந்து விடுவாள். நாலு மணி அடித்ததும் கையைக் கழுவிவிட்டு ஓடிப்போகிற முதல் ஆளும் அவள்தான். ஒவ்வொரு நாளும் "நீயும் வாவன்" என்று கேட்பாள். ஒவ்வொரு நாளும் நான் தலையாட்டி மறுப்பேன். மாதக்கணக்காக மறுத்தும் அவள் கேட்பதை நிறுத்தவில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு இப்போது இந்த வயதில் தெரிகிறது.

ஜனவரியில் என் ஐயாவிடமிருந்து, உன் அம்மப்பாவிடமிருந்து, கடிதம் வந்தது. இராணுவச் சுற்றிவளைப்பில் தம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், தெற்கே எங்கோ ஒரு முகாமில் வைத்திருப்பதாகக் கேள்வி, அம்மா சாப்பிடுவதில்லை, நீ படிப்பை விடாதே என்று எழுதியிருந்தார். தம்பி என்றால் உன் மாமா. அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. அந்தக் கடிதத்தோடு நான் எங்கள் ஆசிரியர் ஐனரிடம் போய், நாலு மணிக்குப் பிறகும் எனக்குப் பட்டறை வேண்டும் என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர், அறுபதை நெருங்கியவர். களிமண்ணுக்கும் உனக்கும் ஆறுதல் வேண்டும் என்று சொல்லிப் பார்த்தார். நான் அழுதேன். பட்டறைத் திறப்பைத் தந்துவிட்டார். அன்றிலிருந்து விடிய எட்டு மணிக்கு உள்ளே போனால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவேன். தம்பி கம்பிக்குப் பின்னால் இருக்கும்போது எனக்கு வெயில் எதற்கு என்று நினைத்தேன். என் சாடிகள் ஒழுங்காக வந்தன, ஒன்றைப்போல ஒன்று. ஐனர் அவற்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவார். மெட்டேயின் தட்டுக்கு முன்னால் அவர் நின்று சிரிப்பது என் கண்ணில் படும்.

மே மாதம் பெந்தெகொஸ்தே விடுமுறை வந்தது. ஜூனில் வைலே நகரத்தில் எங்கள் கண்காட்சி. மெட்டேக்கு அது மிக முக்கியம். ஒரு பெரிய மட்பாண்டப் பட்டறையில் அவளைத் தொழில் பழக எடுப்பதாக இருந்தார்கள், கண்காட்சியில் அவளுடைய பதினெட்டுத் தட்டுகளையும் பார்த்த பிறகு முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள். விடுமுறையில் ஐனரும் மாணவர்களும் படகில் ஒரு தீவுக்குப் போய் மூன்று நாள் கூடாரம் அடித்து இருப்பதாக ஏற்பாடு. போவதற்கு முன் வெள்ளிக்கிழமை மெட்டே எல்லாருடைய காய்ந்த பாத்திரங்களையும் மின்சாரச் சூளைக்குள் அடுக்கினாள். அந்தக் கிழமை சூளை அவளுடைய முறை. மிகக் குறைந்த சூட்டில் திருப்பிவிட்டு என்னிடம் வந்தாள்.

"படகில உனக்கும் ஒரு இடம் வைச்சிருக்கிறம். சூளையை நிப்பாட்டிவிட்டுத் திங்கள் வந்து பார்க்கலாம். வா" என்றாள்.

"என்ர தம்பி சிறையில இருக்கிறான். நான் படகில போய் விளையாடுறதோ? உனக்கு இதெல்லாம் விளங்காது" என்றேன்.

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. அப்படியானால் சனிக்கிழமை காலையிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சூட்டுத் திருகியில் ஒரு கோடு கூட்டிவிட முடியுமா என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றேன். அவர்கள் பாடிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

அந்த வாரம் நான் ஆறு பெரிய சாடிகள் செய்திருந்தேன். தடித்த சுவர், இடுப்பளவு உயரம் இல்லாவிட்டாலும் முழங்காலைத் தாண்டும். இரண்டு நாள்தான் காய்ந்திருந்தன. தடித்த பாத்திரத்துக்கு ஒரு கிழமையாவது வேண்டும், சில வேளை இரண்டு. ஆனால் மூன்று நாள் வீணாகப் போகிறதே என்று எனக்கு ஒரு பதற்றம். இந்தச் சூட்டோடு இவையும் வெந்துவிட்டால் அடுத்த கிழமை மெருகு பூசலாம், கண்காட்சிக்கு மெட்டேயின் தட்டுகளுக்குப் பக்கத்தில் என் ஆறு சாடிகளும் நிற்கும். களிமண் காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது, மகன். பாத்திரத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பது. குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. நான் ஆறையும் ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். ஆறும் குளிர்ந்தன. தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாதது இதனால்தான். இளஞ்சூட்டில் ஓர் இரவு கிடந்தால் காய்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சூளையைத் திறந்து, மெட்டேயின் தட்டுகளை மேல் அடுக்குக்கு மாற்றி, கீழே என் சாடிகளை வைத்து மூடினேன்.

சனிக்கிழமை காலை சொன்னபடி ஒரு கோடு கூட்டினேன். பத்து மணிக்கு இன்னொன்று. பன்னிரண்டு மணிக்கு மூன்றாவது. ஒரு மணிக்கு முதற் சத்தம் கேட்டது. கதவுக்குப் பின்னால் யாரோ ஓங்கிக் குத்தியதுபோல. ஈரம் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் சுவரைப் பிளந்துகொண்டு போகிற சத்தம். நான் ஓடிப்போய் நிறுத்துவதற்குள் இரண்டாவது, மூன்றாவது. நிறுத்தின பிறகும் கேட்டது. எண்ணிக்கொண்டு நின்றேன். ஆறாவது கேட்ட பிறகும், மேல் அடுக்கு சரிந்து, அதிலிருந்த தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆறிய பிறகு திறந்தேன். பதினான்கு பேருடைய வேலையில் முழுதாக இருந்தது ஒரு சின்னக் கிண்ணம் மட்டுமே. ஒரு துண்டில் மெட்டேயின் பறவையின் கழுத்து மட்டும் கிடந்தது. நான் முழங்காலில் இருந்தேன். நீ நினைப்பாய், அம்மா ஜெபித்திருப்பாள் என்று. இல்லை. தடித்த துண்டுகளை, என் சாடிகளின் துண்டுகளை மட்டும், பொறுக்கினேன். நாலு வாளி வந்தது. ஒவ்வொரு வாளியாகக் கரைக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் கொட்டினேன். நல்ல வெயில். தூரத்தில் பாய்மரப் படகுகள் போய்க்கொண்டிருந்தன. திரும்பி வந்து சூளைக் கதவைச் சாத்திவிட்டு, கையைக் கழுவி, ஆராதனை நேரம் என்று வேதப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன்.

திங்கள் பின்னேரம் அவர்கள் வெயிலில் சிவந்து, உப்புப் படிந்த தலைமயிரோடு வந்தார்கள். வாசலிலேயே நின்று, சூளையில் சத்தம் கேட்டது, உடனே நிறுத்திவிட்டேன், பயத்தில் திறக்கவில்லை என்று சொன்னேன். ஐனர் திறந்தார். மெட்டே குனிந்து துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "நான்தான் அடுக்கினன். ஏதோ ஈரமாய் இருந்திருக்கு. போற அவசரத்தில எல்லாத்தையும் தொட்டுப் பார்க்கேல்லை" என்றாள்.

ஐனர் என்னைப் பார்த்தார். "நீ திறந்து ஒண்டும் உள்ளுக்க வைக்கேல்லைத்தானே?" என்று கேட்டார். குற்றம் சாட்டும் குரலில் இல்லை. கேட்க வேண்டியதற்காகக் கேட்டார்.

"நை" என்றேன், இல்லை என்று. ஒன்பது மாதத்தில் நான் தடுமாறாமல் சொன்ன ஒரே டேனிஷ் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

என் ஆறு சாடிகள் எங்கே என்று ஒருவராவது கேட்பார்கள் என்று இருந்தேன். ஒருத்தி கேட்டாள். வடிவம் பிடிக்கவில்லை, திரும்பக் களிமண்ணாக உடைத்துப்போட்டேன் என்றேன். நான் அடிக்கடி அப்படிச் செய்கிறவள். அவ்வளவு கண்டிப்பானவள் என்று பெயர் எடுத்தவள். எல்லாரும் நம்பினார்கள். அதுதான் நான் உனக்குச் சொல்ல வந்த விஷயத்தின் மையம், மகன். ஒருவரும் என்னைச் சந்தேகப்படவில்லை. சிரிக்கிறவள், நீந்துகிறவள், படகில் போகிறவள் கவனக்குறைவாகத்தான் இருப்பாள். நாள் முழுக்கப் பட்டறையில் கிடக்கிறவள் பிழை விடமாட்டாள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன், என்னைப் பற்றி. பட்டறையை விட்டு அசையாதவள் என்ற பெயரே எனக்கு மறைவிடமாயிற்று. அடுத்த நாள் ஐனர் வகுப்பு முழுவதற்கும் முன்னால், வேலையை மதிக்க இவளிடமிருந்து பழகுங்கள் என்று சொன்னார். மெட்டேயும் தலையை ஆட்டினாள்.

கண்காட்சியில் அதிக இடம் பிடித்தவை என் பழைய சாடிகள்தான், மற்றவர்களிடம் வைக்க ஒன்றுமில்லாததால். அவற்றின் படம் எங்கள் சபைப் பத்திரிகையில் வந்தது. அம்மா அதை வெட்டிச் சுவரில் ஒட்டிவைத்தார். மெட்டே அந்தப் பட்டறைக்குத் தானே எழுதினாள். தன் கவனக்குறைவால் எல்லாருடைய வேலையும் அழிந்துவிட்டது, தன்னை எடுக்க வேண்டாம் என்று. படிப்பு முடிய இரண்டு கிழமை இருக்கும்போது பெட்டியைக் கட்டினாள். போகிற அன்று கட்டிலில் என் பக்கத்தில் வந்து இருந்தாள். அந்தச் சத்தங்களைத் தனியே கேட்டுக்கொண்டு நின்றிருப்பாய், உன்னை விட்டுவிட்டுப் போயிருக்கக் கூடாது, மன்னித்துக்கொள் என்றாள். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள், மகன். பரவாயில்லை என்று நான் சொன்னேன்.

அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஊரில் சண்டை கூடிற்று, நிலையத்தை மூடினார்கள், திரும்பி வராதே என்று ஐயா எழுதினார். நான் இங்கேயே தங்கினேன், தொழிற்சாலையில் மீன் வெட்டினேன், அப்பாவைச் சந்தித்தேன், பிறகு முதியோர் பராமரிப்புக்குப் படித்தேன். களிமண்ணை மறுபடி தொடவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு நேரமில்லை என்றேன். நேரமில்லாதபடி பார்த்துக்கொண்டேன். மாதா மாதம் சபையில் திருவிருந்து அப்பத்துக்குக் கை நீட்டினேன், இதை உள்ளே வைத்துக்கொண்டே.

தம்பி பதினொரு மாதத்துக்குப் பிறகு வெளியே வந்து, அடுத்த வருடம், இங்கே நான் அப்போது இருந்த ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வந்து சேர்ந்தான். முதல் கிழமை அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, உள்ளே பொழுதை எப்படிப் போக்கினாய் என்று கேட்டேன். அடிகளைப் பற்றிச் சொல்வான் என்று என்னை இறுக்கிக்கொண்டு இருந்தேன்.

"தாயம் விளையாடினனாங்கள், அக்கா" என்றான். "சோத்தைப் பிசைஞ்சு கட்டை உருட்டினனாங்கள். நல்லாக் காயுமட்டும் நாலு நாள் ஒருத்தரும் தொடக் கூடாதெண்டு சட்டம். விளையாடேல்லையெண்டா எனக்கு விசர் பிடிச்சிருக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நான் எழும்பிக் குசினிக்குள் போனேன். யாருக்காக நான் வெயிலை வேண்டாம் என்றேனோ, அவன் அந்த அறைக்குள் சிரிக்க வழி தேடிக்கொண்டிருந்திருக்கிறான். என்னுடைய தவம் அவனுக்கு ஒருநாள்கூட உதவவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையைத்தான் அது திருப்பிவிட்டது.

அன்றைக்கே நான் மெட்டேயைத் தேடிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அதற்குப் பதிலாக இன்னும் கடினமாக உழைத்தேன். நீ பிறந்த பிறகு அந்தக் கடினத்தை உனக்கும் ஊட்டினேன். உனக்குப் பதினாலு வயதிருக்கும். வேலை முடிந்து வரும் வழியில், பாடசாலைக்குப் பின்னாலிருந்த புல்வெளியில் நீ மல்லாந்து கிடந்ததைக் கண்டேன். பக்கத்தில் பந்துகூட இல்லை. என்ன செய்கிறாய் என்று கேட்டேன். ஆறுகிறேன் என்று டேனிஷில் சொன்னாய். "ஆறுறதுக்கு நீ என்ன செய்து கிழிச்சனி?" என்று கேட்டேன். நீ எழும்பி, முதுகில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டு, என் பையை வாங்கிக்கொண்டு நடந்தாய். அதற்குப் பிறகு நான் உன்னை ஒருநாளும் சும்மா இருக்கக் கண்டதில்லை. சபையில் மற்றத் தாய்மார் தங்கள் பிள்ளைகளுக்கு உன்னைக் காட்டினார்கள். என்னையும் காட்டினார்கள். நான் தலை நிமிர்ந்து நடந்தேன்.

நீ கைவேலை படிக்கிறவன். மரமும் துணியும் சாயமும் கொண்டு மேடை கட்டுகிறவன். பசை காய நேரம் எடுக்கும், சாயம் பிடிக்க நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று அதை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் அது சீக்கிரம் காயாது. உனக்குத்தான் பொறுமை போகும், போனதும் கை தானாக நீளும். வெளியே போ. மலைக்குக் கூப்பிட்டால் போ. அங்கே பார்த்தது மேடையில் வரும் என்பதற்காகவும் போகாதே, ஒன்றுக்கும் உதவாவிட்டாலும் போ. கூப்பிடுகிறவர்கள் என்றைக்கும் கூப்பிட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். அதைவிட முக்கியம், போகிறவர்களை உன்னைவிடக் குறைந்தவர்கள் என்று நினைக்காதே. அந்த நினைப்பு இருந்ததால்தான் ஞாயிற்றுக்கிழமை வாளியைத் தூக்க என் கை கூசவில்லை. அவள் எப்படியும் விளையாட்டுப் பிள்ளைதானே, அவள் தாங்குவாள் என்று நினைத்தேன்.

உன் தொலைபேசிக்குப் பிறகு, டிசம்பரில், நத்தாருக்கு முன்னால், அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் "அந்தப் பிள்ளை உயிரோட இருக்குதோ?" என்று மட்டும் கேட்டார். தேடினோம். கிரின்ஸ்டெட்டிலேயே இருந்தாள். கடிதம் எழுதினேன், வரச் சொல்லி இரண்டு வரியில் பதில் போட்டாள். மார்ச் தொடக்கத்தில் போனேன். அப்பா காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார், நான் தனியே பஸ்ஸில் போனேன்.

அவளுடைய தலைமயிர் நரைத்துக் கட்டையாக வெட்டப்பட்டிருந்தது. கோப்பி ஊற்றினாள். மருந்துக் கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை, முப்பது வருடமாக அங்கேதான் என்றாள். இரண்டு பெண் பிள்ளைகள். நான் கோப்பியைத் தொடாமல் சொல்ல ஆரம்பித்தேன். கன்னத்தில் வைத்துப் பார்த்தது, தட்டுகளை மேலே மாற்றியது, வாளிகள், "நை". எல்லாம் சொன்னேன். தம்பி சிறையில் இருந்ததைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதைச் சாட்டாக வைக்கக் கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன்.

அவள் கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு கேட்டாள். கடைசியில் சொன்னாள்: "என்ர பிள்ளையள் என்னைப் பகிடி பண்ணுவினம். வீட்டை விட்டு வெளிக்கிடமுதல் அடுப்பை மூண்டு தரம் பார்ப்பன். மருந்துப் போத்தலை மூண்டு தரம் வாசிப்பன். அவையளை ஒருநாளும் படகில போக விட்டதில்லை. நான் கவனமில்லாத ஆள் எண்டு எனக்குத் தெரியும்தானே, அதால."

நான் ஏதோ சொல்ல வாய் திறந்தேன். அவள் கையை உயர்த்தினாள். "இப்ப நீ போறது நல்லது" என்றாள்.

கோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கிரின்ஸ்டெட்டில் பஸ் எப்போதாவதுதான் வரும். தரிப்பிடத்தில் பலகை பார்த்தேன், அடுத்ததற்கு ஒன்றே முக்கால் மணித்தியாலம் இருந்தது. காற்று கடுமையாக அடித்தது. அரை மணித்தியாலம் நின்றிருப்பேன். ஒரு சிவப்புக் கார் வந்து நின்றது. மெட்டே உள்ளேயிருந்து முன்கதவைத் திறந்துவிட்டாள். ஏறினேன். எங்கள் வீட்டு வாசல் வரையும் ஓட்டினாள். வயல்கள், காற்றாலைகள், மழைத் துளிகளைத் துடைக்கும் கம்பி. இறங்கும்போதுதான், முன்னால் பார்த்தபடியே, "எனக்குக் கோபமா, என்ன எண்டு இன்னும் தெரியேல்லை. ஈஸ்டருக்குப் பிறகு போன் எடு" என்றாள்.

ஈஸ்டருக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. இந்தக் கடிதத்தை எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரிலும் போடச் சொல்லிக் கொடுக்கப்போகிறேன். என்னைக் காட்டிப் பிள்ளைகளை ஏசிய தாய்மார் அதைத்தான் வாசிக்கிறார்கள். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மெட்டேயின் பெயரை மாற்றியதும் அதனால்தான். அவள் இதற்குள் மறுபடி என்னால் இழுக்கப்படக் கூடாது. என் பெயரை நான் போடாவிட்டாலும் இங்கே எல்லாருக்கும் விளங்கும். விளங்கட்டும். அப்பாவுக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது, பிறகு தானே கொண்டுபோய்த் தபாலில் போடுவதாகச் சொன்னார்.

பன்னிரண்டு நாள் பொறுத்து எழுதினால் என்ன என்று நீ கேட்கலாம். அவள் மன்னித்தால், மன்னிக்கப்பட்ட ஒருத்தியின் கடிதமாக இது மாறிவிடும். எல்லாம் கடைசியில் சரியாகிவிட்டது என்று நீ ஆறுதலோடு மடித்து வைத்துவிடுவாய். அவள் மன்னிக்காமலும் விடலாம், அதற்கு அவளுக்கு முழு உரிமையும் இருக்கிறது. எது நடக்கும் என்று தெரியாமல் இருக்கிற இந்த நாட்களில்தான் உன் அம்மா உன்னிடம் உண்மை பேசக்கூடியவளாக இருக்கிறாள். ஆகையால் இன்றைக்கே எழுதி முடிக்கிறேன்.

அம்மா